ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை

அப்பு,

போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். வாட்ஸாப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அந்த மஞ்சள் விரலைப் பார்த்தாலே எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறுகிறது. அதனால்தான் முழுத்தாளில் எழுதி, உன் அம்மாவை விட்டுப் படம் பிடித்து அனுப்பப் போகிறேன். சனிக்கிழமை நீங்கள் கிளம்புவதற்குள் இதை முழுசாகப் படித்துவிடு. முடிந்தால் பிரின்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் உன்னைவிட நிதானமான பிள்ளை. பாதியில் உனக்குக் கோபம் வரும். வரட்டும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. நான் கேட்கப் போவது ஒன்றே ஒன்றுதான், அதை நீ இந்நேரம் ஊகித்திருப்பாய். வண்டி ஓடும்போது பேத்தி மரியாவை அந்த மேல் படுக்கையில் ஏற்றாதே.

இந்தப் பயணத்துக்கு வழி போட்டுத் தரச் சொல்லி என்னைக் கேட்டது நீதான். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாய். "அப்பா, படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டி ஒண்ண வாடகைக்கு எடுத்து மூணு வாரம் சுத்தப் போறோம். நீங்கதான் லாரி ஆபீஸ்ல இம்புட்டு வருசம் ரூட்டு போட்ட ஆளாச்சே, எங்களுக்கும் போட்டுக் குடுங்க" என்றாய். உன் அம்மா பக்கத்திலிருந்து, "ஒட்டன்சத்திரத்துல இருந்து பாலக்காட்டுக்கு முருங்கக்கா அனுப்புன மனுசனுக்கு அமெரிக்கா கேக்குதாக்கும், நல்லா வெளங்கும்" என்று சிரித்தாள். முழங்கால் வலியோடு திண்டுக்கல் வீட்டில் முடங்கிக் கிடக்கிற மனுசனுக்குப் பொழுது போகட்டுமே என்றுதான் நீ கேட்டாய். எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் ஒத்துக்கொண்டேன். ஆனால் வேலையில் இறங்கிய பிறகு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை.

போனில் உங்கள் ஊர்ச் சாலைகளையெல்லாம் படமாகவே போட்டு வைத்திருக்கிறானே, அதில் விரலை வைத்து நகர்த்தி நகர்த்தி, உன் வீட்டு வாசலிலிருந்து வடக்கே கடற்கரை வரைக்கும் நான் வண்டி ஓட்டினேன். நல்லவேளை, அந்த ஊர்க்காரனும் நம் லாரிக்காரன் மாதிரி அடி, இஞ்சில்தான் பேசுகிறான். நியூ ஜெர்சியைத் தாண்டினால் காருக்கென்றே போட்ட சாலைகள் சில இருக்கின்றன. இரண்டு பக்கமும் மரம், குறுக்கே பழைய கல் பாலம், காலண்டர் படம் மாதிரி இருக்கும். அந்த அழகை நம்பி உள்ளே போனால் தொலைந்தோம். அந்தப் பாலங்கள் வளைவாகக் கட்டியவை, நடுவில் உயரம், ஓரத்தில் தாழ்வு. நடுவில் போகிற வண்டி தப்பிக்கும், ஓரமாக ஒதுங்கிப் போகிற வண்டி மாட்டிக்கொள்ளும். பாஸ்டன் ஊருக்குள் பூமிக்கடியில் போகிற சுரங்கச் சாலைகளில் சமையல் கேஸ் ஏற்றிய வண்டி நுழையவே கூடாது. சிலிண்டர் வால்வை மூடிவிட்டேன் என்று அங்கே போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். எந்த இடத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும், எந்தப் பலகையைப் பார்த்தால் அந்தச் சாலைக்குள் நுழையாமல் நேரே போக வேண்டும், எங்கே சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம் கூடுதலாகும் என்று எல்லாம் இருந்தது. நீயும் பார்த்துவிட்டு "சூப்பர்ப்பா" என்றாய். ஒரு வாரம் அந்தச் சந்தோசத்தில் கால்வலி கூடத் தெரியவில்லை.

அப்புறம் வண்டி மாறிவிட்டது என்றாய். சின்ன வண்டி கிடைக்கவில்லை, பெரிய வண்டிதான் கிடைத்தது, பத்தடியாக இருந்த உயரம் பதினொன்றே கால் அடி ஆகிவிட்டது என்று போகிற போக்கில் சொன்னாய். நான், "ஏசி பெட்டியோட சேத்தா, சேக்காமலா?" என்று கேட்டேன். "தெரியலப்பா, பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாய். அன்றைக்கே உட்கார்ந்து முழு வழியையும் மறுபடி போட்டேன், நாலு நாளாயிற்று. அதற்குள் நீ, "விடுங்கப்பா, ஜி.பி.எஸ். பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டாய். ஏலே, அதில் பேசுகிற பொம்பளைக்கு உன் வண்டி எவ்வளவு உயரம் என்று தெரியுமா? அவள் உன்னைக் கார்க்காரன் என்று நினைத்துக்கொண்டு, பக்கத்து வழி இதுதான் என்று அந்தக் கல் பாலத்துக்கே கூட்டிக்கொண்டு போவாள். இதைச் சொன்னபோது நீ சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், அன்றைக்கு எனக்கு இன்னும் அந்தப் படுக்கையைப் பற்றித் தெரியாது.

போன வாரம் வெள்ளோட்டம் பார்க்க இரண்டு நாள் போய் வந்து ஒரு வீடியோ அனுப்பினாயே, அதை உன் அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏங்க, நம்ம மரியாவுக்கு மாடி ரூம்ங்க" என்று காட்டினாள். ஓட்டுநர் இருக்கைக்கு நேர் மேலே, வண்டியின் நெற்றி மாதிரி முன்னால் துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் ஒரு மெத்தை. அதில் குப்புறப் படுத்துக்கொண்டு, பக்கத்துச் சன்னல் வழியாகப் பிள்ளை கையை ஆட்டுகிறது. ஆறு வயசுப் பிள்ளை. வெளியே மரங்கள் பின்னால் ஓடுகின்றன. அதாவது வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. உடனே உன்னைக் கூப்பிட்டுக் கத்தினேன், ஒத்துக்கொள்கிறேன். "செத்த நேரந்தாம்பா, அடம் புடிச்சு அழுதா, ஏத்திவிட்டேன். நீங்க ஏன் இப்படி அபசகுனமாப் பேசுறீங்க?" என்றாய் நீ. நான் இன்னும் கத்தினேன். அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். "நீங்க மட்டும் என்னைய லாரி மேல ஏத்திக் கூட்டிட்டுப் போகலையா? அதுதாம்பா எனக்கு சின்ன வயசுல ரொம்பப் பிடிச்ச நாளு. அத மாதிரி ஒண்ணு அவளுக்கும் இருக்கட்டுமே." போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டேன்.

நீ சொன்னது நிஜம்தான். உனக்கு அப்போது ஒன்பது வயது. முழுப்பரீட்சை லீவில் உன்னை ஒட்டன்சத்திரத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். மாணிக்கத்தின் வண்டி காலியாகப் பழனிக்குக் கிளம்பியது. நம் பக்கத்து லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு மேலே ஒரு இரும்புத் தட்டு இருக்குமே, தார்ப்பாயும் கயிறும் போட்டு வைக்கிற தட்டு, அதில் நானே உன்னைத் தூக்கி ஏற்றிவிட்டேன். லோடுமேன் பாக்கியநாதன் மேலே இருந்து உன்னை வாங்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டான். பழனி போய்ச் சேருகிற வரைக்கும் நீ போட்ட கூச்சல் கீழே எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எல்லாரும் அப்படித்தான் போனார்கள், வந்தார்கள். வெயில் நேரத்தில் அந்தத் தட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போகும். தார்ப்பாய்ச் சுருளை மெத்தையாக்கிக்கொண்டு லோடுமேன்கள் அதில் தூங்கிக்கொண்டே ஊர் வந்து சேருவார்கள்.

அடுத்த வருசம் நீ மறுபடி லாரியில் ஏறப் போனபோது, ஆபீஸ் வாசலில் அத்தனை பேர் முன்னாலும் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். நினைவிருக்கிறதா? உதடு கிழிந்து ரத்தம் வந்தது. ஏன் அடித்தேன் என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் திண்டுக்கல் வரும் வரைக்கும் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கப்புறம் ஒரு நாளும் என் ஆபீசுக்கு நீ வரவில்லை. முந்தின வருசம் தூக்கி ஏற்றிவிட்ட அப்பன் இந்த வருசம் எதற்கு அறைகிறான் என்று பத்து வயசுப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்? அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்லுகிறேன்.

அந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் நடந்தது இது. மாணிக்கம் முட்டைக்கோசு லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போயிருந்தான், கூடப் பாக்கியநாதன். போகும்போது மெயின் ரோட்டில் வேலை நடந்ததால், ஒரு கிராமத்து வழியாக, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து போனார்கள். தாழ்வான பாலம். விரற்கடை இடைவெளியில் தப்பித்தோம் என்று மாணிக்கம் போனில் சொன்னான். லோடை இறக்கிவிட்டு மறுநாள் மத்தியானம் ஒரு பூத்திலிருந்து கூப்பிட்டு, "அண்ணே, இன்னைக்கு இங்க பந்த்து, மெயின் ரோட்ட மறிச்சுட்டாங்க. அந்தப் பாலத்து வழி எனக்கு மனசுக்குச் சரியாப் படல. சாயங்காலம் வரைக்கும் ஒதுங்கி நிக்கட்டா?" என்று கேட்டான். எனக்கு அன்று ராத்திரி லோடுக்கு வண்டி வேண்டும். முருங்கைக்காய் மூட்டை மூட்டையாகக் காத்துக் கிடந்தது. "ஏலே, லோடோடயே போன பாலம், காலியா வர்றதுக்கு என்ன கேடு? நின்னுக்கிட்டு, ஒசரத்தக் கொறைக்கேன்னு டயர்ல காத்த எறக்கிக்கிட்டு நேரத்தப் போக்காத, சட்டுனு வந்து சேரு" என்று சொல்லி நான்தான் போனை வைத்தேன்.

லாரி ஆபீசில் குப்பை கொட்டினவன் எவனுக்கும் தெரிந்த விசயம் அது. லோடு இறங்கினால் அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து வண்டி உயர்ந்துவிடும். போகும்போது லோடு மேல் விரித்திருந்த தார்ப்பாய், வரும்போது சுருண்டு அந்தத் தட்டின் மேல் ஏறிவிடும். அதன் மேல் ஆள் படுத்திருப்பான். காலி வண்டிதான் உயரமான வண்டி. எத்தனையோ புது ஓட்டுநர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவசரத்தில் என் புத்தி வேலை செய்யவில்லை. பாலத்து இரும்பு முதலில் தொட்டது அந்தத் தட்டைத்தான். பாக்கியநாதன் தூங்கிக்கொண்டிருந்தான். முழித்திருந்தால் குனிந்திருப்பானோ என்னவோ. உன்னை மடியில் வைத்துப் பழனி வரைக்கும் கொண்டு போனவன் அவன்தான்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இரண்டு முறை பேனாவை மூடினேன். முழுசாகச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. போலீஸ் கேட்டபோதும், முதலாளி கேட்டபோதும், அந்த வழியாக வரச் சொல்லி நான் சொல்லவே இல்லை என்றேன். மாணிக்கம் தானாக வந்தான் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கேசு அவன் மேல் போனது. அப்புறம் அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை, செங்கல் சூளையில் கணக்குப்பிள்ளையாக இருந்து, ஆறு வருசத்துக்கு முன்னால் செத்துப் போனான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், பல முறை சொன்னேன். சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லை. இந்த இருபத்தாறு வருசமாக உன் அம்மாவுக்கும் தெரியாது. இந்தத் தாளைப் படம் பிடிக்கும்போதுதான் அவளுக்குத் தெரியப் போகிறது.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். பேப்பரில் போட்ட உயரத்தை நம்பாதே. டேப் எடுத்து, ஏணி போட்டு ஏறி, ஏசி பெட்டியின் உச்சி வரைக்கும் நீயே அள. தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கும்போது அள. அதோடு ஒரு அரை அடி சேர்த்து, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரில் ஒட்டு. சந்தேகமான பாலம் வந்தால் பின்னால் எத்தனை பேர் ஆரன் அடித்தாலும் நிறுத்து. பிரின்சியை இறக்கிப் பார்க்கச் சொல். இங்கேயென்றால் தாழ்வான பாலத்துக்குக் கிட்டே ஒரு லாரி போனாலே டீக்கடையில் இருக்கிறவன், பஸ்ஸுக்கு நிற்கிறவன், ஆடு மேய்க்கிறவன் எல்லாம் ஓடி வந்து, "வா, வா... நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்துவான். யாரும் கூப்பிட வேண்டாம், தானாக வருவான். உங்கள் ஊர்ப் படங்களில் நான் பார்த்த அத்தனை பாலத்தடியிலும் ஒரு மனுசன் நின்று நான் பார்க்கவில்லை. நீ மாட்டிக்கொண்டால் கத்திச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? நான் இங்கே திண்டுக்கல்லில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பேன். நீ எந்தச் சாலையில் போகிறாய் என்று ஒரு நீலப் புள்ளி காட்டும். அந்தப் புள்ளி நகர்வதைப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கையாலாகாத்தனம் என்றால் என்னவென்று இந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். உன் அம்மா உருட்டுகிற செபமாலையைக் கூட என்னால் உருட்ட முடியவில்லை, மனசு பாதியிலேயே அந்தப் பாலத்துக்கு ஓடிவிடுகிறது.

நேற்று எரியோடு ஊருக்குப் போய் வந்தேன். பாக்கியநாதனின் சம்சாரம் ரோஸ்லின் அங்கேதான் இருக்கிறாள். பஞ்சாலை வேலையிலிருந்து நின்றுவிட்டாள், ஒண்டியாகத்தான் இருக்கிறாள். நான் போன நேரம் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "வாங்கண்ணே, செத்த நேரம் உக்காருங்க, விட்டா நாலு நாளைக்கு வராது" என்று சொல்லிவிட்டுக் குடங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். நின்றபடியே சொன்னேன். "ரோஸ்லின், அன்னைக்கு அந்த வழியா வரச் சொன்னது நான்தான். மாணிக்கம் வேணாம்னுதான் சொன்னான்."

அவள் அழவில்லை. நிரம்பின குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள். "இத இப்ப வந்து ஏண்ணே சொல்றீங்க?" என்றாள். வயசாகிவிட்டது, மனசு உறுத்துகிறது என்று ஏதோ சொன்னேன். "உறுத்தியிருந்தா மாணிக்கண்ணன் உசுரோட இருக்கையில வந்திருப்பீங்க. அந்த மனுசன வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்குக் கண்ணுல பாத்தாலே சாபம் விட்டேன் நான். அத்தனையும் வாங்கிக்கிட்டுப் பேசாமப் போனாரு. இப்ப ஒங்க வீட்டுல யாருக்கு என்ன?" என்று கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. போனை எடுத்து மரியாவின் வீடியோவைக் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். முடிந்ததும் மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். பின்னால் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, அவள் திரும்பவில்லை.

போனைக் கொடுத்துவிட்டு, "இனிமே என் வாசலுக்கு வராதீங்கண்ணே" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். பத்தடி நடந்திருப்பேன், கூப்பிட்டாள். "அந்தப் புள்ளைய அங்க இருந்து எறக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னதாச் சொல்லாதீங்க, ஒங்க பேச்ச நம்பி ஒருத்தரு போனது போதும். பாக்கியநாதன் பொண்டாட்டி சொன்னான்னு சொல்லுங்க. எறக்கிட்டாகன்னா எனக்குத் தகவல் வரணும்."

அதனால்தான் எழுதினேன் அப்பு. என் பேச்சை நீ கேட்க வேண்டாம், கேட்கச் சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை. அவள் சொன்னதை அப்படியே உன்னிடம் ஒப்படைத்துவிட்டேன். மரியாவை இறக்கிச் சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டு போட்ட பிறகு, கட்டைவிரலைத் தூக்காமல் ஒரு வரி எழுது. நான் அந்த வாசலுக்குப் போக முடியாது. உன் அம்மா இதையெல்லாம் படித்த பிறகும் என்னோடு பேசினாள் என்றால், எரியோடு போய்ச் சொல்லிவிட்டு வரச் சொல்கிறேன்.

அப்பா